மீனுக்குப் போன மாத்திரை

நாங்கள் மீன் சாப்பிடாத குடும்பம். கொச்சி மட்டாஞ்சேரியில் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் பரிதாபப்படுவார்கள். பக்கத்திலேயே காயல், மூச்சை இழுத்தால் மீன் வாசனை. தெரு முழுக்க மீன் பொரிகிற நேரத்தில் ஒரு வீட்டில் மட்டும் சாம்பார் கொதிக்கிறது என்றால் யாருக்குத்தான் பாவமாக இருக்காது?

அப்படிப்பட்ட வீட்டில் நான் மீன் வளர்த்தேன். சாப்பிட இல்லை, கும்பிட. அந்த மீன்களுக்கு என் கையாலேயே ஒரு கெடுதல் செய்தேன். கெடுதல் என்று தெரியாமல் செய்தேன், தெரிந்தே மறைத்தேன். நான் மறைத்ததால் ஒரு நல்ல பெண்ணின் வேலை போக இருந்தது. எழுபதுகளின் கடைசியில் நடந்த காரியம் இது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

என் வீட்டுக்காரரின் குடும்பத்தார் அவர் தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர்கள். என் வீட்டுக்காரருக்கு பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் எழுத்து வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் தெருவில் யாருக்கு என்ன குறை என்றாலும் மனு எழுத இவரிடம்தான் வருவார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லையா, விளக்குக் கம்பம் சாய்ந்துவிட்டதா, 'அண்ணாச்சி, ஒரு மனு' என்று வந்து நிற்பார்கள். மலையாளத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தருவார். எழுதி முடித்ததும் ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டுவார். அந்தப் படிப்பில் அவருக்குத் தனி சந்தோஷம்.

நான் படித்தது ஏழாம் வகுப்பு வரை. அதுவும் மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து வீட்டிலிருந்த தோத்திரப் புத்தகங்களைப் பார்த்துப் பழகியது.

எங்கள் வீட்டுப் பின்புறம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. பதினைந்து குடம் தண்ணீர் பிடிக்கும். ஓட்டுக் கூரையிலிருந்து மழைத் தண்ணீர் தகரக் குழாய் வழியாக அதில் வந்து விழும். செம்பருத்திக்கு ஊற்றவும், வெளியே போய் வந்தால் கால் கழுவவும் அந்தத் தண்ணீர்தான். கால் கழுவ நின்றால் கொசு தூக்கிக்கொண்டு போகும். கொச்சிக் கொசுவைப் பற்றி நான் எழுதித்தான் ஊருக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

கார்ப்பரேஷனில் கொசு ஒழிப்புக்கு என்று ஒருவர் வியாழக்கிழமைதோறும் வருவார். காக்கிச் சட்டை, தோளில் ஒரு தகர டப்பா, கையில் நீளக் காம்பு வைத்த கரண்டி. மலையாளத்தில் கொசுவுக்குக் கொதுகு என்று பேர், அதனால் அவர் எல்லாருக்கும் கொதுகு சேட்டன். ஒருநாள் எங்கள் தொட்டியில் கரண்டியை விட்டுத் தூக்கிப் பார்த்தார். கரண்டி முழுக்கப் புழு நெளிந்தது.

"சேச்சி, இது தொட்டியோ, கொதுகுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியோ?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எண்ணெய் விடட்டுமா என்று கேட்டார். செடிக்கு ஊற்றுகிற தண்ணீர், வேண்டாம் என்றேன். அடுத்த வியாழன் ஒரு டப்பாவில் கப்பி மீன் கொண்டுவந்து கவிழ்த்தார். விரல் நகத்தளவுதான் இருக்கும். ஆண் மீனுக்கு வால் விசிறி மாதிரி, அதில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பொட்டுப் பொட்டாக நிறம். பெண் மீன் சாம்பல் நிறத்தில், வயிறு மட்டும் உருண்டையாக, சாதுவாக இருக்கும். கொசுப் புழு என்றால் இவற்றுக்கு உயிர். முட்டை போடாமல் குட்டியாகவே போடும், மாதம் தவறாமல் போடும். தொட்டியில் குட்டி பெருகினதும் மொண்டுகொண்டு போய்த் தெருவிலிருக்கிற மற்றக் கிணறுகளில் விடலாம் என்பது சேட்டனின் கணக்கு.

"நாலு ஜோடியை ஒரு கண்ணாடிப் பரணியில வேற வையுங்கோ சேச்சி. கொக்கு வந்து தொட்டியைக் காலியாக்கினா வித்துக்கு வேண்டே?" என்றார். ஊறுகாய் போடுகிற கண்ணாடிப் பரணி ஒன்றைக் கழுவி, தகரக் குழாயில் விழுந்த மழைத் தண்ணீரையே பிடித்து, நாலு ஜோடியை விட்டு அடுக்களை ஜன்னலில் வைத்தேன்.

இங்கே சில கோயில்களில் மீனூட்டு என்று ஒரு வழிபாடு உண்டு. கோயில் குளத்திலோ ஆற்றிலோ இருக்கிற மீனுக்கு அன்னமோ பொரியோ போடுவது. மீனுக்குப் போட்டால் பகவானுக்குப் போட்டது போல. எனக்கு அது ரொம்ப நாள் ஆசை. இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு பஸ் ஏறித் தூரத்துக் கோயிலுக்குப் போக முடியவில்லை. மீன் வீட்டுக்கே வந்துவிட்டது, இனி என்ன என்று தினமும் குளித்துவிட்டு வந்து ஒரு சிட்டிகை பொரியைப் பொடித்துத் தொட்டியில் போடுவேன், ஒரு துளி பரணியில் போடுவேன். அதற்கப்புறம்தான் எனக்குக் காப்பி. ஆண் மீன்கள் வாலை விரித்து ஆடிக்கொண்டு வரும். பார்த்தால் திருவிழாவில் முத்துக்குடை பிடித்த மாதிரி இருக்கும்.

இனி மாத்திரைக்கு வருகிறேன்.

சின்னவனுக்கு மூன்று வயதானதும் இரண்டு பிள்ளை போதும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நானும் சரி என்றேன். எங்கள் வார்டுக்கு ஒரு நர்ஸ் வருவாள். மதுரையில் படித்தவள், அதனால் தமிழ் பேசுவாள், மலையாள ராகத்தில். எப்போதும் குடை, தோளில் ஒரு ரெக்ஸின் பை. வீடு வீடாக நடந்து நடந்து செருப்பு தேய்ந்து போயிருக்கும். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. எங்கள் அடுக்களையில் பலகை போட்டு உட்கார்ந்து அடை சாப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாள். அவளை நாங்கள் சிஸ்டர் என்போம், அவள் என்னை அக்கா என்பாள்.

சிஸ்டர் ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்து விளக்கிச் சொன்னாள். "இருபத்தொண்ணு வெள்ளை, ஏழு பழுப்பு. வெள்ளைதான் மருந்து. பழுப்பு இரும்புச் சத்து, ரத்தத்துக்கு. ஒரு நாள்கூட விடக் கூடாது கேட்டோ. அடுத்த மாசம் காலி அட்டையைக் காட்டினா புது அட்டை."

ஒரு நாள்கூட விடக் கூடாது என்றாள் அல்லவா, அங்கேதான் தகராறு. எனக்குத் திங்கட்கிழமை விரதம், சஷ்டி விரதம், ஏகாதசி, கார்த்திகை. விரத நாளில் பச்சைத் தண்ணீர் தவிர நாக்கில் ஒன்றும் படக் கூடாது. மாத்திரையும் ஒன்றுதானே என்று அன்றைக்கு விழுங்க மாட்டேன். மறுநாள் பார்த்தால் அட்டையில் ஒன்று மிச்சம் உட்கார்ந்திருக்கும். சிஸ்டர் வந்து எண்ணினால் என்ன சொல்வது?

தூக்கிப் போட மனசு வரவில்லை. மருந்து என்பது தன்வந்திரி பகவான் கையிலிருந்து வருவது. சாக்கடையில் போட்டால் அதன் மேல் கால் படும். குப்பையில் போட்டால் கோழி கிளறும், பிள்ளைகள் எடுத்து வாயில் வைக்கும். எங்கள் வீட்டுப் பழக்கம், சுவாமிக்குச் சாத்தின பழைய மாலை, அறுந்துபோன ரட்சைக் கயிறு, கிழிந்த சாமி படம், எதையும் குப்பையில் போட மாட்டோம், தண்ணீரில் விடுவோம். தண்ணீருக்குத் தோஷம் கிடையாது, எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் என்று நம்பிக்கை. அதே புத்தியில், ஒரு ஏகாதசி அன்று மாத்திரையைக் கரண்டிக் காம்பால் பொடித்து, தன்வந்திரியை நினைத்துக் கும்பிட்டு, தொட்டியில் கரைத்தேன். மனசு லேசாகிவிட்டது. இது பாவமே இல்லை, புண்ணியம் என்றுகூடத் தோன்றியது.

விழுங்குகிற நாட்களில் வேறு எனக்கு ஒரே குமட்டல். காலையில் தோசைக்கல் வாசனை வந்தாலே தலை சுற்றும். சிஸ்டர், "ரெண்டு மாசத்துல பழகிடும் அக்கா" என்றாள். எனக்குப் பழகவில்லை. விரத நாளில் மட்டும் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது, வெள்ளிக்கிழமையும் போயிற்று, அப்புறம் தினமும் போயிற்று. ஏழு பழுப்பு மாத்திரையை மட்டும் விடாமல் நான் விழுங்கினேன். ரத்தத்துக்கு நல்லது என்றாளே.

இவர் கிடங்குக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே தினமும் கேட்பார்.

"மருந்து ஆச்சா?"

"ஆச்சு."

எங்கே ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். சிஸ்டர் வந்து காலி அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "முகத்துல ரத்தம் ஏறியிருக்கு பாருங்க அக்கா. மருந்து பிடிச்சிருக்கு" என்பாள். பிடித்தது பழுப்பு.

இப்படி நாலு மாதம் போயிருக்கும். மீன்களிடம் ஒரு மாற்றம் கண்டேன். முதலில் குட்டிகள் குறைந்தன. அப்புறம் இல்லாமலே போயின. ஆண் மீன்களின் வாலில் இருந்த சிவப்பும் நீலமும் நாளுக்கு நாள் வெளுத்தன, பல தடவை துவைத்த சேலை மாதிரி. வாலை விரித்து ஆடுவதும் இல்லை. பொரியைப் போட்டால் வரும், தின்னும், ஓரமாகப் போய் நிற்கும். நடுவில் பிறந்து வளர்ந்த குட்டிகளில் ஒன்றுகூட நிறம் கட்டவில்லை. தொட்டி முழுக்க ஒரே சாம்பல்.

வியாழக்கிழமை கொதுகு சேட்டன் வந்து கரண்டியால் மொண்டு மொண்டு பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"சேச்சி, இதெல்லாம் பெண்ணாணல்லோ! ஆணு எங்கே போச்சு?"

"நான் என்னத்தைக் கண்டேன் சேட்டா. எண்ணிக்கை அப்படியேதான் இருக்கு."

"பெண்ணுன்னு வெச்சாலும் ஒண்ணுக்கும் குட்டியில்லா. இது என்ன கன்னியாஸ்திரீ மடமோ?" ஜன்னலிலிருந்த பரணியை எட்டிப் பார்த்தார். அங்கே ஆண்கள் வாலை விரித்து ஆடிக்கொண்டிருந்தன, குட்டிகள் பொடிப்பொடியாக ஓடின. "இங்கே உற்சவம், அங்கே சாவு வீடு. தண்ணியில என்ன போடறீங்க? சோப்பு? பினாயில்?"

"பொரிதான். சத்தியமா."

சத்தியம் என்று வாயில் வந்துவிட்டது. சேட்டன் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அப்போதும் எனக்கு மாத்திரை ஞாபகம் வரவில்லை, என்னை நம்புங்கள். மீனூட்டில் ஏதோ குறை, விரதத்தில் ஏதோ பிசகு, பகவதிக்குக் கோபம் என்றுதான் நினைத்தேன். பொரியில் ஒரு துளி நெய் சேர்த்துப் போட்டேன். தண்ணீரில் எண்ணெய் மிதந்தது, அவ்வளவுதான்.

அந்த மாதம் நான் வீட்டுக்கு விலக்காகவில்லை. அடுத்த மாதமும் இல்லை. மாத்திரை விழுங்காமலே காலையில் குமட்டியது. இரண்டு பெற்றவளுக்கு இதற்குமேல் யார் சொல்ல வேண்டும்?

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எப்படி?"

"எப்படின்னா, எப்பவும் போலத்தான்."

"அதைக் கேக்கலை. மருந்து?"

"அட்டையெல்லாம் காலியாத்தான் ஆச்சு."

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். ஆறு மாதம் ஆச்சு ஆச்சு என்று சொன்ன வாய், அதற்குள் பூட்டிக்கொண்டது.

குழந்தை வருவதில் அவருக்கு வருத்தமில்லை. "பகவதி தர்றதை வேண்டாம்னு சொல்ல நாம யாரு" என்று ரசம் ஊற்றச் சொன்னார். ஆனால் கை கழுவிவிட்டு வந்தவர் நேராகக் காகிதத்தை எடுத்தார். "இது போலி மருந்து. நம்ம வீட்டோட போச்சா? இந்தத் தெருவுல இன்னும் எத்தனை பேர் இதை நம்பிச் சாப்பிடறாங்க? கேக்க ஆள் வேண்டாமா?"

மூன்று பக்கம் எழுதினார். கார்ப்பரேஷன் சுகாதார அதிகாரிக்கு. முடித்துவிட்டு வழக்கம்போல உரக்கப் படித்துக் காட்டினார். தன் மனைவி நாள் தவறாமல் மருந்து உட்கொண்டதற்குத் தானே சாட்சி என்று ஒரு பாரா. வார்டு நர்ஸ் அசல் மாத்திரைகளை வெளியே கொடுத்துவிட்டு ஏழைப் பெண்களுக்குச் சுண்ணாம்பு வில்லை தருகிறாளோ என்று பலத்த சந்தேகம் எழுவதாக இன்னொரு பாரா. அந்த இடத்தில் குரலை உயர்த்தினார்.

"சிஸ்டர் அப்படிப்பட்டவ இல்லைங்க" என்றேன்.

"அப்போ நீ சாப்பிட்ட மாத்திரை எப்படிப்பட்டது?"

நான் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். திங்கட்கிழமை ஆபீஸில் நேரிலேயே கொடுப்பதாகச் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் சிஸ்டர் வந்தாள். பலகையைப் போட்டு உட்காரும் முன்பே இவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார், மனுவையும் காட்டிவிட்டார். மறைவில் எழுதிப் போடுகிற ஆளில்லை அவர், முகத்துக்கு நேரே சொல்லுகிறவர். சிஸ்டர் நின்றபடியே மூன்று பக்கமும் படித்தாள். மடித்து இவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"சேட்டா, ஒவ்வொரு அட்டையும் கையெழுத்துப் போட்டு வாங்கறேன். இங்க கொண்டு வர்ற வரைக்கும் பையைத் திறக்கறதுகூட இல்லை. இது போச்சுன்னா விசாரணை வைப்பாங்க. நிரந்தரம் ஆகாதவளுக்கு விசாரணையெல்லாம் எதுக்கு, நாளைலேர்ந்து வர வேண்டாம்னு ஒரு வார்த்தை போதும்." என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க ஒரு நாளும் விடலையே?"

நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது. அவள் அடை சாப்பிடாமல் போனாள். வெயிலில் குடையை விரிக்காமலே நடந்து போவதைப் பார்த்தேன்.

சாயங்காலம் விளக்கு வைக்க உட்கார்ந்தேன். தீக்குச்சி கிழித்தேன், அணைந்தது. இன்னொன்று கிழித்தேன், கை திரிக்குப் போகவில்லை. பகவதி படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. திங்கட்கிழமை விரதத்தை நாக்கால் காப்பாற்றினவள், அதே நாக்கால் இவ்வளவு பேரை ஏமாற்றியிருக்கிறேன். விளக்கை அப்படியே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். கண்ணீர் வந்தது. மங்கல் வெளிச்சத்தில் தொட்டி மீன்கள் சாம்பலாக நின்றன. அடுக்களை ஜன்னல் பரணியில் ஆண் மீன்கள் ஆடிக்கொண்டிருந்தன.

'தண்ணியில என்ன போடறீங்க' என்று கொதுகு சேட்டன் கேட்டது அப்போதுதான் உள்ளே போய் இறங்கியது. அதே மழைத் தண்ணீர். அதே பொரி. அதே கை. தொட்டியில் போட்டுப் பரணியில் போடாதது எது?

தலையில் அடித்துக்கொண்டேன். பெண்ணுக்குப் பிள்ளை உண்டாகாமல் இருக்க வேண்டும் என்று செய்த மருந்தை ஆறு மாதமாக நகத்தளவு மீனுக்கு ஊட்டியிருக்கிறேன்! எனக்கு வர வேண்டிய பலன் அவற்றுக்கு வந்திருக்கிறது. ஆண்களுக்கு ஆணழகு போயிற்று, பெண்களுக்குக் குட்டி போயிற்று. அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவி, அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இவர் சாயா குடிக்க வந்தார். தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, பயம் வருவதற்குள் சொல்லிவிட்டேன்.

"மாத்திரை அசல்தாங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"மீன் சாப்பிட்டது."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கையைப் பிடித்துத் தொட்டிக்குக் கூட்டிப்போனேன். ஏகாதசியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் விடவில்லை. குனிந்து தொட்டியைப் பார்த்தார், நிமிர்ந்து பரணியைப் பார்த்தார், மறுபடி தொட்டியைப் பார்த்தார். கையில் சாயா ஆறிப்போயிற்று.

"என்கிட்ட சொல்ல உனக்கு என்ன?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார். "குமட்டுது, விரதத்துக்கு ஒத்துக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற வழி பார்த்திருக்க மாட்டேனா? தினமும் வாசல்ல நின்னு கேக்கறவன்கிட்ட..."

"தினமும் கேட்டதாலதான் சொல்ல முடியலை."

ஆறின சாயாவைச் செம்பருத்தியடியில் ஊற்றினார். அப்புறம் உள்ளே போய் மனுவை எடுத்துக்கொண்டு வந்தார். "ஒரு தம்ளர்ல இந்த மீனைப் பிடி" என்றார்.

"எதுக்கு?"

"சாட்சிக்கு. நானே சாட்சின்னு எழுதினேன், அது பொய்ச்சாட்சி ஆயிப்போச்சு. நிஜ சாட்சி வேணுமே."

சிஸ்டர் போட் ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தாள். நான் ஒரு கையில் தம்ளர், இன்னொரு கையில் பரணி, தண்ணீர் சிந்தாமல் நடந்தேன். வழியில் பார்த்தவர்கள், "அண்ணாச்சி வீட்டிலயும் மீன் வாங்கியாச்சா!" என்று கேலி செய்தார்கள். கதவைத் திறந்த சிஸ்டருக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இவர் முதல் காரியமாக மனுவை அவள் கையில் கொடுத்து, "கிழிங்க சிஸ்டர். நீங்கதான் கிழிக்கணும்" என்றார். அப்புறம் நான் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தம்ளரைத்தான் பார்த்தேன்.

சொல்லி முடித்தேன். நிமிர்ந்தால் சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ட கர்த்தாவே! ஆறு மாசமா நான் மீனுக்கா அட்டை கொடுத்திட்டிருந்தேன்? ரிஜிஸ்தர்ல என்னன்னு எழுதறது?" பிறகு சட்டென்று என் காதைப் பிடித்து முறுக்கினாள், நிஜமாகவே வலித்தது. "அக்கா, இனிமே ஒத்துக்கலைன்னா என்கிட்ட சொல்லணும். மருந்து வேற இருக்கு, வழி வேற இருக்கு. கேட்டோ?"

மனுவை நாலாகக் கிழித்தாள். அப்புறம் தம்ளரையும் பரணியையும் விளக்குக்கு நேரே மாறி மாறித் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் யோசனையாயிற்று. "சேட்டா, ஒண்ணு தோணுது. அக்கா தொட்டியில கரைச்சாங்க. சரி. சாப்பிடறவங்க உடம்புலேர்ந்து கொஞ்சம் வெளியே போகும்தானே? அந்தத் தண்ணி சாக்கடைக்குப் போயி, சாக்கடை காயலுக்குப் போயி... அங்க இருக்கிற மீனுக்கு?"

இவர் காயல் பக்கம் பார்த்தார். "அதுக்கு யாருக்கு மனு எழுதறது?" என்றார்.

அன்றைக்கு மூன்று பேரும் அதற்குச் சிரித்துவிட்டோம். ரொம்ப வருஷம் கழித்து, வெளிநாட்டு ஆறுகளில் பட்டணத்துக் கழிவு நீரோடு இந்த மருந்து கலந்து, ஆண் மீன்களுக்குள்ளேயே முட்டை உண்டாகிறது என்று பத்திரிகையில் போட்டிருந்ததைப் படித்தேன். படித்தபோது சிரிப்பு வரவில்லை. தண்ணீர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் என்பது சரிதான். வாங்கிக்கொண்டு எங்கேயோ வைத்துக்கொள்ளவும் செய்கிறது என்பது எனக்கு அந்தத் தொட்டி சொன்ன பாடம்.

ஞாயிற்றுக்கிழமை மீன்களை ஒரு குடத்தில் மாற்றி வைத்துவிட்டுத் தொட்டியை இறைத்தோம். சாக்கடையில் விட எனக்கு மனசு வரவில்லை. பதினைந்து குடத்தையும் இவர் தென்னை மரத்தடியில் கொண்டுபோய் ஊற்றினார். புது மழை விழுந்ததும் மீன்களைத் திருப்பி விட்டோம். வியாழக்கிழமை கொதுகு சேட்டனிடமும் நானே சொன்னேன், சத்தியம் செய்த கடனுக்கு. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தார். "கார்ப்பரேஷன்ல குடும்பக் கட்டுப்பாடு எல்லாரும் தோத்த இடத்துல ஜெயிச்சது இந்தத் தொட்டி மாத்ரம்!" என்றார். தெருவெல்லாம் சொல்லியும்விட்டார். ஒரு மாதம் நான் குழாயடிக்குப் போக முடியவில்லை. பழைய ஆண்களில் சிலவற்றுக்கு மெல்ல வாலில் சிவப்பு திரும்பியது, சிலவற்றுக்குக் கடைசிவரை திரும்பவில்லை. அவற்றுக்குக் கூடுதலாக ஒரு சிட்டிகை பொரி போட்டேன்.

மூன்றாவது குழந்தை பெண். இருபத்தெட்டாம் நாள் பெயர் வைத்தபோது சிஸ்டர் வந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். சாப்பாடு முடிந்ததும் பையைத் திறந்து, வேறு வகை மாத்திரை வந்திருக்கிறது, குமட்டல் குறைவு, என்று தயங்கித் தயங்கி எடுத்தாள். நான் கை நீட்டினேன். இவர் குறுக்கே கை நீட்டி அதை வாங்கி, அவள் பையிலேயே திருப்பிப் போட்டார்.

"இவ விரதத்தையும் விட மாட்டா, நான் கேக்கறதையும் விட மாட்டேன். மறுபடியும் ஏதாவது ஜீவன்தான் கஷ்டப்படும். ஆம்பளைக்கு ஒரு ஆபரேஷன் இருக்காமே, அதுக்கு எங்க போகணும் சிஸ்டர்?"

நீட்டின கையை நான் மடக்கிக்கொண்டேன். அந்தக் காலத்தில் அந்த ஆபரேஷன் என்றால் ஆம்பளைகள் தெருவையே மாற்றி நடப்பார்கள்.

"சேட்டன் பயப்பட மாட்டீங்களே?"

"பயமாத்தான் இருக்கு. அதுக்கென்ன பண்ண?"

அடுத்த வாரம் சிஸ்டர் கூடவே போட்டில் எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் குழந்தையோடு ஜெட்டி வரைக்கும் போய் நின்றேன். அன்றைக்கு முழுவதும் பகவதியிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவர் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். சாயங்காலப் போட்டில் திரும்பி வந்தார். சிஸ்டர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வர, கால்களைச் சற்று அகட்டி, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்தார்.

"வலிக்குதா?" என்றேன்.

"அது ஒண்ணுமில்லை. அந்த ஆஸ்பத்திரி கேன்டீன்ல சாயான்னு ஒண்ணு கொடுத்தான் பாரு, சர்க்கரையே இல்லை. முதல்ல வீட்டுக்குப் போய் ஒரு சாயா போடு."